கொல்லையில் பிரித்துப்போட்ட இன்ஜின்

அன்பு மகனுக்கு உம்மாவின் சலாம்.

போனில் பேசினால் நீ எல்லாவற்றுக்கும் "சரி உம்மா, சரி உம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எது காதில் ஏறியது, எது ஏறாமல் போனது என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் குடவாசலில் என் மூத்த மகள், உன் ராத்தா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண் ஆபரேஷன் ஆகி எழுதப் படிக்க டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு நான் எழுதும் முதல் எழுத்து இதுதான். துபாய் போதும் என்று வந்து, அதிராம்பட்டினத்திலேயே பழைய வள்ளம் ஒன்றும் பழைய இன்ஜின் ஒன்றும் வாங்கிவிட்டாய். உன் பெண்டாட்டி அழுகிறாள், உன் மாமனார் தலையில் அடித்துக்கொள்கிறார். புத்தி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் அந்த வேலையைச் செய்யப்போவதில்லை. இன்ஜினைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு வேறு சில சங்கதிகளும் வரும். பொறுமையாகப் படி.

முதலில் நீ சொன்ன கோளாறு. கரையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் போனதும் மூச்சு முட்டுவதுபோல் இழுத்து நின்றுவிடுகிறது, சிறிது நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடுகிறது என்றாய். மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறான் என்றாய். பொறு. டேங்க் மூடியின் மேல் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். காற்று உள்ளே போவதற்காக வைத்தது அது. டேங்கைத் தூக்கிக்கொண்டு வரும்போது எண்ணெய் சிந்தக்கூடாது என்று அதை இறுக்கிவிடுவார்கள். கடலில் இறங்கியதும் தளர்த்த மறந்துவிடுவார்கள். காற்று உள்ளே போகாத டேங்கிலிருந்து எண்ணெய் வெளியே வராது. நின்றுபோனதும் நீ எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்திருப்பாய். அப்போது காற்று புகுந்திருக்கும், அதனால் ஓடியிருக்கும். கார்புரேட்டர் மேல் பழி போடுவதற்கு முன் அந்தத் திருகாணியைத் தளர்த்தி ஒரு நடை போய்ப் பார். அதற்கும் சரிவராவிட்டால் எண்ணெய் வரும் ரப்பர் குழாயைக் கையால் தடவிப் பார். பழைய குழாய் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் பிறகு எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வை. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும்.

நீ இடுப்பில் இருந்த காலத்தில் நம் வீட்டுக் கொல்லையில் நான் கற்றுக்கொண்டது இதெல்லாம். உம்மா கோர்ட் ஏறின கதையை ஊரில் யாராவது உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். முழுதாக நான் சொன்னதில்லை. உன் வாப்பா இருந்தவரை அவரும் சொன்னதில்லை.

வாப்பா சவுதிக்கு இரண்டாம் முறை போவதற்கு முன் ஒரு வள்ளமும், அப்போது புதிதாக வந்திருந்த மண்ணெண்ணெய் இன்ஜினும் வாங்கிவிட்டுப் போனார். தான் இல்லாதபோது வீட்டுக்கு ஒரு வரும்படி இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். கரையூர் ஆட்கள் இரண்டு பேர் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். மேற்பார்வை வாப்பாவின் தம்பி, உன் சாச்சாவிடம். சாச்சாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக் கடை. கடலைப் பார்க்கும் பக்கம்கூட அவர் திரும்பமாட்டார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இன்ஜின் சூடேறி சூடேறி நிற்க ஆரம்பித்தது. கடலில் நின்றால் துடுப்புப் போட்டுத்தான் திரும்ப வேண்டும். கரையூர் ஆட்கள் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். சாச்சா இதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். நான் இன்ஜினைக் கழற்றி வண்டியில் ஏற்றி நம் வீட்டுக் கொல்லையில் இறக்கச் சொன்னேன். நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குக் கொடுத்தது. வீடும் கொல்லையும் என்னுடையவை. ஆகவே அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சிரித்துக்கொண்டே போனார்.

அந்தச் சமயத்தில்தான் முருகையன் வந்தார். இதே குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மிராசுதாரிடம் பம்புசெட்டு ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் சனமெல்லாம் அதே நிலத்தில் நடவு, களை, அறுப்பு என்று வேலை செய்தவர்கள். அறுவடைக் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று விவசாயக் கூலிகளின் சங்கம் கேட்டது. மிராசுதார் முடியாது என்றார். அந்த வட்டாரத்தில் அது புதுச் செய்தி அல்ல. ஆட்சிக்கு எந்தக் கட்சி வந்தாலும் குறுவை அறுப்பு நெருங்கினால் களத்துமேட்டில் கொடி ஏறும், போலீஸ் வேன் வந்து நிற்கும், தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். முருகையன் சங்கத்துக்காரர் என்பதால் மிராசுதார் முதலில் அவரை நிறுத்தினார். தெற்கேயிருந்து வெளியாட்களைக் கொண்டுவந்து, அவர்களில் ஒருவனை இன்ஜினுக்குப் போட்டார். முருகையன் பெண்டாட்டி அஞ்சலையின் தங்கை நம் ஊர் உப்பளத்தில் வேலை பார்த்தாள். அவளை நம்பிக் குடும்பத்தோடு நம் ஊருக்கு வந்துவிட்டார். அஞ்சலை நம் தெருவில் மீன் ஆய்ந்து கொடுக்க வருவாள். அவள்தான் கொல்லையில் கிடந்த இன்ஜினைப் பார்த்துவிட்டு, தன் புருஷனுக்கு இன்ஜின் வேலை தெரியும் என்றாள்.

முழுதாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்தது டீசலில் நிதானமாக, டக் டக் என்று ஓடும் பெரிய சக்கரத்து இன்ஜின். அதில் பிளக் கிடையாது. இந்தச் சின்ன இன்ஜின் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டிய ஜாதி. முதல் நாள் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இது குதிரைங்கம்மா, எனக்குத் தெரிஞ்சது மாடு" என்றார். என்னிடம் இன்ஜினோடு வந்த புத்தகம் இருந்தது. இங்கிலீஷ். நான் படித்தது எட்டாவது வரை. படங்களைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, தெரியாத சொல்லை உன் ராத்தாவின் பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்டு அனுப்பி, ஒரு மாதிரி புரிந்துகொண்டோம். நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல, அவர் கழற்றுவார். அவர் கைக்குத் தெரிந்தது புத்தகத்தில் இருக்காது, புத்தகத்தில் இருந்தது அவருக்கு ஒத்துவராது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்புகளும் உண்டு. மண்ணெண்ணெயில் ஆயிலை அதிகம் கலந்தால் நல்லது என்று நினைத்துக் கலந்து, கொல்லை முழுக்கப் புகையாகி, பக்கத்து வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. பிளக் கறுப்பாக, ஈரமாக இருந்தால் எரியாத எண்ணெய்; வெளுத்து இருந்தால் அளவுக்கு மீறிய சூடு; காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. அன்று கற்றது இன்றும் மாறவில்லை. கரைக்கு வரும்போது, நிறுத்துவதற்குச் சிறிது முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடு. மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் மறுநாள் காலையில் உன் தோள்பட்டை அதற்குக் கூலி கொடுக்கும்.

சூடு ஏறுவதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் நாளானது. இன்ஜின் ஓடும்போது பின்பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீச்ச வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போவது போல இருக்கும். அது வந்தால் உள்ளே தண்ணீர் சுற்றுகிறது, இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையதில் சொட்டிக்கொண்டிருந்தது. துளையைக் கம்பி விட்டுக் குத்தினோம், உப்பு வந்தது, மறுபடி சொட்டுத்தான். கடைசியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இன்ஜினின் கால் பகுதியைக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். கழற்றினால், தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் விசிறியின் இதழ்கள் தேய்ந்து, பாதி பிய்ந்து கிடந்தன. நம் கடல் ஆழமில்லாத சேற்றுக் கடல். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் போய்த் திரும்பும் வள்ளம் ஒவ்வொன்றும் சேற்றைத்தான் குடிக்கிறது. பிய்ந்த துண்டுகள் மேலே போய்க் குழாயை அடைத்திருந்தன. புது விசிறி நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. அதைப் போட்டு இன்ஜின் காலை மறுபடி மாட்டிய நாள் ஒரு முழுநாள் வேலை. காலையில் வந்த முருகையன் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் போனார். அஞ்சலையும் ஓர் ஓரத்தில் இறால் உரித்துக்கொண்டு கூடவே இருந்தாள். சாயங்காலம் சிமெண்டுத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி இன்ஜினை ஓட்டினோம். துளையிலிருந்து தண்ணீர் பீச்சிக் கொல்லைச் சுவரில் அடித்தது. நீ அதில் கையை நீட்டிக்கொண்டு சிரித்தாய்.

அன்றைக்கே குடவாசல் பக்கத்தில் வேறொன்று நடந்திருக்கிறது. வெளியாட்கள் அறுப்புக்கு இறங்கியபோது ஊர்ச்சனம் வரப்பில் மறித்திருக்கிறது. கைகலப்பு, கல்வீச்சு. அந்தக் கலவரத்துக்கு நடுவே, மிராசுதாரின் ஆயில் இன்ஜின் இறுகி நின்றுபோனது. சக்கரம் அசையவில்லை. இன்ஜின் தெரிந்த சங்கத்துக்காரன் முருகையன் ஒருவன்தான், அவன்தான் ஆயிலில் மணலைக் கொட்டிக் கெடுத்தான் என்று புகார் எழுதினார்கள். கலவரக் கேசில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். சில நாள் கழித்து நம் தெரு முனையில் ஜீப் வந்து நின்றது. அப்போது முருகையன் நம் வள்ளத்தின் இன்ஜினைக் கரையில் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய், கையில் கிரீஸோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஜாமீனில் வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சங்கத்து வக்கீல் அஞ்சலையோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், தலை குனிந்தபடியே பேசினார். கலவரம் நடந்த அன்று முருகையன் எங்கே இருந்தார் என்று சொல்ல அஞ்சலையைத் தவிர நான் ஒருத்திதான் சாட்சி. பெண்டாட்டி சொல்வது எடுபடாது. நீங்கள் வந்து சொன்னால் உண்டு, வராவிட்டால் நான் குறை சொல்லமாட்டேன் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உன் சாச்சா அன்றைக்கே வந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, மகனே. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. நம் தெருப் பெண் கூண்டில் ஏறினதாகச் சரித்திரம் கிடையாது. யாரோ ஊரில் யாரோ நிலத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். மிராசுதாரிடம் நெல் வாங்கும் வியாபாரிகள் நம் ஊரிலும் உண்டு. அவர்கள் நாளை ஜவுளிக் கடைக்கு வரமாட்டார்கள். அண்ணன் வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டில் அந்நிய ஆண்பிள்ளை நாள் முழுக்க இருந்தான் என்று நாமே போய்ச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விதான் அவருக்கு முக்கியம். எனக்கும் அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் வாப்பாவுக்கும் தகவல் சொல்லிவிட்டார். வாப்பா கேசட்டில் பேசி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். வழக்கம்போல முதலில் உன் பேரையும் ராத்தா பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். நீ டேப்ரிக்கார்டரைக் கட்டிக்கொண்டாய். பிறகு குரல் தணிந்து, "கோர்ட்டுக்கு நீ போக வேணாம். தம்பி வேற வழி பாப்பான்" என்றார். 

தம்பி வேறு வழி ஒன்றும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வழியும் இல்லை. நான் போவது என்று முடிவு செய்ததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. நான் போகாவிட்டால் அந்த மனிதர் உள்ளே போவார். நான் அந்தக் கொல்லையில் இருந்துகொண்டு அந்த இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான். வாப்பாவின் பேச்சை மீறியது அந்த ஒரு முறைதான்.

வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அஞ்சலையோடு பஸ் ஏறினேன். கோர்ட் வராந்தா முழுக்க ஆட்கள். ஒரு பக்கம் சிவப்புத் துண்டு, ஒரு பக்கம் வெள்ளை வேட்டி. என்னைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். கூண்டில் ஏறியபோது உன்னை அஞ்சலையிடம் கொடுத்தேன். நீ அழ ஆரம்பித்தாய். மாஜிஸ்திரேட் பிள்ளையைத் தாயிடமே கொடுங்கள் என்றார். ஆகவே நான் சாட்சி சொன்னபோது நீயும் கூண்டில்தான் இருந்தாய்.

நம் வக்கீல் கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். பிறகு எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். அம்மா கோஷாவில் இருக்கும் குடும்பத்துப் பெண், அந்நிய ஆள் கொல்லையில் வேலை செய்யும்போது கதவுக்குப் பின்னால்தானே இருந்திருப்பீர்கள் என்றார். எனக்கு இறங்குவதற்கு அவரே படிக்கட்டு வைத்துக் கொடுத்தது போல இருந்தது. ஆமாம் என்றால் என் மானம் நிற்கும். ஆனால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அவன் நடுவில் பஸ் ஏறிப் போய் வந்திருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். உன் சாச்சா வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இல்லங்க. எதிர்லதான் உக்காந்திருந்தேன். இன்ஜின் கால நான் தூக்கிப் புடிச்சிருந்தேன், அவரு மேலேர்ந்து கம்பியயும் குழாயயும் பொருத்துனாரு. ஒத்த ஆளு அத மாட்ட முடியாது."

எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தீர்கள் என்று கேட்டார். கை மரத்துப்போகும் வரை, பிறகு கீழே வைத்துவிட்டு மறுபடி, மறுபடி, அன்று முழுக்க அதுதான் வேலை என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். வேறொருவர் உஷ் என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி வந்தேன். நீ என் துப்பட்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாய்.

முருகையனை விட்டுவிட்டார்கள். என் சாட்சி மட்டும் காரணம் இல்லை. ஆயிலில் மணல் இருந்ததை யாரும் எடுத்துக் காட்டவும் இல்லை. மற்றவர்கள் மேலிருந்த வழக்கு இழுத்துக்கொண்டே போய், பின்னால் இரண்டு தரப்பும் சமாதானமானபோது முடிந்தது. தீர்ப்பு வந்த அன்றும் நான் போயிருந்தேன். திரும்ப பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் முருகையன் அதைச் சொன்னார். அந்த இன்ஜினை யாரும் கெடுக்கவில்லையாம். தெற்கேயிருந்து வந்து அதை ஓட்டியவன் ஆயில் அளவு பார்க்காமலே ஓட்டியிருக்கிறான். வறண்டுபோய் இறுகிவிட்டது. பயந்துபோனவன், பழைய டிரைவரிடம் கேட்டால் வழி தெரியும் என்று விசாரித்து, அன்று இரவே பஸ் ஏறி, அஞ்சலை தூங்கிய பிறகு முருகையன் குடிசை வாசலுக்கு வந்து காலில் விழுந்திருக்கிறான். மண்ணெண்ணெயை உள்ளே ஊற்றி ஊற விட்டு மெல்ல அசைத்துப் பார் என்று இவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது அசையவில்லை. அவன் சொந்த ஊருக்கே ஓடிவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தக் கூண்டில் ஏற வேண்டியதில்லையே, ஊர் வாயில் விழ வேண்டியதில்லையே. "ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன் பேரச் சொல்லியிருந்தா அவனப் புடிச்சு உள்ள வச்சிருப்பாங்கம்மா. நாலு புள்ளைக்காரன். இந்தப் பக்கம் அவனுக்குன்னு ஒருத்தரும் இல்ல. எனக்கு நீங்க இருந்தீங்க."

பஸ் வந்ததும் நான் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி முன்னால் உட்கார்ந்தேன். அஞ்சலை என் பக்கத்தில் உட்கார்ந்து உன்னை மடியில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் அது அன்றுதான் தெரியும் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. தெற்கேயிருந்து வந்த அவன் இவர்களுடைய வேலையைப் பறிக்க வந்த ஆள். அவனைக் காப்பாற்ற என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் அவர் கேட்கவில்லையோ என்னவோ.

ஊர் பேசியது. சாச்சா வீட்டிலிருந்து பெருநாளுக்கு வரும் பலகாரம் வரவில்லை. கல்யாண வீடுகளில் நான் உட்கார்ந்த பாயில் பக்கத்தில் வந்து உட்காரச் சிலர் யோசித்தார்கள். கரையூர் ஆட்கள் திரும்பி வர, வள்ளம் மட்டும் நன்றாக ஓடியது. நாங்கள் ஒவ்வொரு நடை முடிந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இன்ஜினை ஓட்டி உப்பைக் கழுவினோம். இன்ஜின் காலில் ஊற்றும் ஆயிலை அவ்வப்போது திறந்து பார்த்தோம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உள்ளே இருக்கும் ரப்பர் சீல் வளையத்தை மாற்ற வேண்டும். இன்ஜின் ஒரு முறை கடலிலேயே விழுந்துவிட்டது. எடுத்தவுடன் வெயிலில் காயவைக்காதீர்கள் என்று நான் சத்தம் போட்டு, நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, உள்ளே ஆயில் விட்டுச் சுற்றி, அன்றே ஓட்டவும் வைத்தோம். உனக்கும் அது நடக்கலாம். கடலில் விழுந்த இன்ஜின் தண்ணீருக்குள் கிடக்கும்போது கெடுவதைவிட, எடுத்துக் காற்றில் போட்டு வைத்தால்தான் வேகமாகக் கெடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

அடுத்த வருஷம் வாப்பா லீவில் வந்தார். சில நாள் கோர்ட்டைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு நாள் முருகையனோடு வள்ளத்தில் போய்விட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். "சவுதியில ரூம்ல கேட்டானுவ, உன் பொண்டாட்டி கோர்ட்ல என்ன சொன்னான்னு. நடந்தத சொன்னான்னு சொன்னேன்" என்றார். பிறகு, "அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் மீன் துண்டை எடுத்து வைத்தேன். எங்களுக்குள் அது அப்படித்தான் முடிந்தது. மீறிப் போனதற்கு மன்னிப்பு நானும் கேட்கவில்லை, போக வேண்டாம் என்றதற்கு அவரும் கேட்கவில்லை. நீயும் உன் பெண்டாட்டியும் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கப் பார்க்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் சில சமயம் ஒருவர் சாப்பிட உட்கார்வதே பதில் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்.

வாப்பா திரும்பிப் போன பிறகு, மேட்டூரிலிருந்து திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத ஒரு சம்பாப் பருவத்தில், மிராசுதாரின் கணக்குப்பிள்ளை முருகையனைத் தேடி வந்தார். சங்கம் கேட்ட மரக்காலை அதற்குள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் பழுது பார்த்த இன்ஜின் சரியாக ஓடவில்லை, வேறு யாருக்கும் பிடிபடவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். முருகையன் என்னிடம் வந்து போகிறேன் என்று சொன்னபோது எனக்கு மறுபடி கோபம் வந்தது. உங்களை உள்ளே தள்ளப் பார்த்தவருக்கா போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவருக்கு இல்லங்கம்மா. நட்டது எங்க சனம். பயிரு காயுது."

குடவாசலில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே வயல்தான் தெரிகிறது. அவர் சொன்னது இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. மிராசுதார் அவரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று பின்னொரு நாள் அஞ்சலையிடம் விசாரித்தேன். இரண்டு பேரும் இன்ஜினைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்களாம்.

அவர்கள் சொந்த ஊருக்கே திரும்பிக் கிளம்பிய அன்று நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். நல்ல வெயில் நேரம், கடைத்தெரு முழுக்கத் திறந்திருந்தது. அஞ்சலை தலையில் பாத்திர மூட்டை, முருகையன் தோளில் பாய்ச்சுருள், என் கையில் நீ. பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். கோர்ட்டில் சொன்னதற்குப் பிறகு தெருவில் நடப்பதற்கு எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. பஸ் நகர்ந்ததும் திரும்பி வந்தேன். ஜவுளிக் கடை வாசலில் உன் சாச்சா நின்றிருந்தார். ஒன்றரை வருஷமாக என்னோடு பேசாதவர். நான் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு கடந்துபோகப் பார்த்தேன். அவர் படியிறங்கி வந்தார்.

"இனிமே இன்ஜின யாரு பாக்குறது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

அவர் உன் கன்னத்தைத் தட்டினார். கடைக்குள் காத்திருந்த வாடிக்கையாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இன்ஜினத் தூக்கிப் புடிக்க ஆள் வேணும்னா சொல்லி அனுப்புங்க மதினி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சொல்லி அனுப்பினேன். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு வந்து கொல்லையில் உட்கார்ந்தார்.

அல்லாஹ் உன் வள்ளத்தைக் காப்பானாக.

உன் உம்மா